பழைய மைக்செட்டுக்குப் புது மைக், புது மிக்ஸருக்குப் பழைய மைக்: இம்பிடன்ஸ் பொருத்தும் பெட்டிகள்

மேசையில் இரண்டு வேலைகள். ஒன்று, முதல் ஸ்டேஜில் ஈசிசி83 வால்வு போட்ட பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர். அதன் மைக் சாக்கெட் 6.3 மி.மீ. மோனோ, கடையில் பி38 என்று கேட்டு வாங்குவது. இதில் ஷூர் எஸ்எம்58 போன்ற இன்றைய மேடை மைக் வேலை செய்ய வேண்டும். இன்னொன்று அதற்குத் தலைகீழ். அதே காலத்து ஹை இம்பிடன்ஸ் டைனமிக் மைக் (காந்தத்துக்குள் காயில் அசைவது) ஒன்றும் கிரிஸ்டல் மைக் (படிகத்தில் வோல்டேஜ் பிறப்பது) ஒன்றும் இன்றைய மிக்ஸரில் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

இரண்டுக்குமே ஒரு பக்கம் கேனன் (எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று பின் கனெக்டர்), மறுபக்கம் பி38 வைத்து ஒயர் அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். ஜாக் உட்காரும், ஏதோ சத்தமும் வரும். அதன்பிறகு ‘ஆம்ப்ளிஃபயர் வீக்’, ‘மைக் போச்சு’ என்று பழி வேறு எங்கோ விழும். ஜாக் பொருந்துவது வேறு, மைக் பொருந்துவது வேறு. மைக்கின் இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு), கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தன்மை), இன்புட்டின் இம்பிடன்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சத்தம் எங்கே தொலைகிறது என்று பிடிபடும்.

மைக்கில் 150 முதல் 600 ஓம் வரை இருந்தால் லோ இம்பிடன்ஸ் என்கிறோம். 10 கிலோ ஓமுக்கு மேல் போனால் ஹை. பழைய டைனமிக் மைக்குகளில் 50 கிலோ ஓம் சாதாரணம். இரண்டிலும் உள்ளே இருக்கும் காயில் ஏறக்குறைய ஒன்றுதான். ஹை இம்பிடன்ஸ் மைக்கின் பிடிக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிறது. 200 ஓமை 50 கிலோ ஓமாக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 250-இன் வர்க்கமூலம், அதாவது 1-க்கு 15.8. வோல்டேஜில் இது 24 டெசிபல் லாபம். வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) கரன்ட் எடுக்காது, வோல்டேஜ் மட்டும் கொடுத்தால் போதும். ஆகவே ஒரு ஆம்ப்ளிஃபயர் ஸ்டேஜையே மிச்சப்படுத்திக் கொடுத்த ஏற்பாடு இது. டிரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறியது. சில நூறு ஓம் கொண்ட மைக்கோடுதான் டிரான்சிஸ்டர் இன்புட் இரைச்சல் இல்லாமல் வேலை செய்யும். கூடவே நீண்ட கேபிளும் சாத்தியமானது. இரண்டும் சேர்ந்து லோ இம்பிடன்ஸை நிலைநிறுத்திவிட்டன.

கேபிள் விஷயத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வேலையில் எல்லா முடிவும் அங்கிருந்துதான் வருகிறது.

ஷீல்டு ஒயரில் உள்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோ ஃபாரட் இருக்கும். மலிவான ஒயரில் 150-ஐத் தொடும். ஒரு முனையைத் திறந்து விட்டு, மல்டிமீட்டரின் கெபாசிட்டன்ஸ் ரேஞ்சில் மறுமுனையை அளந்து, நீளத்தால் வகுத்தால் கையில் இருக்கும் சுருளின் உண்மையான அளவு கிடைத்துவிடும். மைக்கின் இம்பிடன்ஸும் இந்த கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிளை, அதாவது மேல் அலைவரிசை ஒலிகளை, வெட்டும் வடிகட்டியாகிவிடுகின்றன. எந்த ஹெர்ட்ஸில் 3 டெசிபல் விழும் என்பதற்கு மனதில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம்: 15.9 கோடியை, மைக்கின் கிலோ ஓமையும் கேபிளின் பைக்கோ ஃபாரடையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும்.

50 கிலோ ஓம் மைக், 10 மீட்டர் ஒயர்: 50-ஐ 1000-ஆல் பெருக்கினால் 50,000. விடை 3,180 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் எல்லாம் சரிந்துகொண்டே போகும். ச, ஸ, ஷ ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது; ஆகவே மேடையில் பெயர் வாசித்தால் சரவணனும் ஷண்முகமும் மழுங்கிப் போவார்கள். 20 மீட்டர் ஆக்கினால் 1,590 ஹெர்ட்ஸ். அதே கணக்கை 200 ஓம் மைக்குக்கு 100 மீட்டர் ஒயரோடு போடுங்கள்: 0.2-ஐ 10,000-ஆல் பெருக்கி வகுத்தால் 79,500 ஹெர்ட்ஸ். காது கேட்கும் எல்லையே 20,000தான். பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்தாலும் லோ மைக்குக்கு ட்ரெபிள் போகாது என்பது இதனால்தான்.

இன்புட் பக்கத்துக்கு ஒரே ஒரு விதி: மைக்கின் இம்பிடன்ஸைவிட இன்புட் இம்பிடன்ஸ் குறைந்தது 5 மடங்கு, முடிந்தால் 10 மடங்கு இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது டெலிபோன் லைனின் 600 ஓம் பழக்கம். மைக்கில் அப்படிச் செய்தால் பாதி வோல்டேஜ், அதாவது 6 டெசிபல், வீணாகும். 200 ஓம் மைக்கை 1.5 கிலோ ஓம் மிக்ஸர் இன்புட்டில் போட்டால் இழப்பு 1 டெசிபல்தான். 50 கிலோ ஓம் மைக்கை அதே இன்புட்டில் போட்டால் வோல்டேஜில் 3 சதவீதமே மிஞ்சும், 31 டெசிபல் இழப்பு. லோ மைக்கை வால்வு ஆம்ப்ளிஃபயரின் 1 மெகா ஓம் இன்புட்டில் போட்டால் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்க்கும் வோல்டேஜ் அந்த மைக்கில் இல்லை. சத்தம் சுத்தமாக, ஆனால் மெலிதாக வரும். வால்யூமை முழுசாகத் திருப்பினால் வால்வின் இரைச்சல்தான் ஏறும்.

மைக் எந்த வகை என்று முதலில் கண்டுபிடிப்பது

பழைய மைக்கில் எழுத்துகள் அழிந்திருக்கும். ஜாக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது, முன்னால் யாரோ மாற்றியிருப்பார்கள். ஷூர் 545 போன்ற சில மைக்குகளில் லோ, ஹை இரண்டும் எடுக்கலாம்; ஒயரை எந்த முனையில் இணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

டிஜிட்டல் மல்டிமீட்டரை 2 கிலோ ஓம் ரேஞ்சிலோ 20 கிலோ ஓம் ரேஞ்சிலோ வைத்துப் பார்க்கலாம். முள் மீட்டரின் ஒன்று-பெருக்கல் ரேஞ்ச் வேண்டாம். அது விடும் கரன்ட் மைக் டிரான்ஸ்ஃபார்மரின் கோரைக் காந்தமாக்கிவிடும். ரிப்பன் மைக் (காயிலுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா கொண்டது) என்று சந்தேகம் வந்தால் எந்த மீட்டரையும் வைக்கவே கூடாது. டைனமிக் என்றால் புரோப் படும்போது மைக்கிலிருந்து ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும். காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். அது இம்பிடன்ஸ் அல்ல. 50 கிலோ ஓம் மைக்கில் டிரான்ஸ்ஃபார்மரின் ஹை பக்கச் சுற்று ஒன்றிரண்டு கிலோ ஓம்தான் காட்டும். அதைப் பார்த்து ‘2 கே மைக்’ என்று எழுதி ஒட்டியவை சந்தையில் நிறைய உண்டு. கிரிஸ்டல் மைக் ஓம் ரேஞ்சில் ஓப்பன் காட்டும். கெபாசிட்டன்ஸ் ரேஞ்சில் 1 முதல் 3 நானோ ஃபாரட் வரை வரும்.

சரியான இம்பிடன்ஸ் வேண்டுமானால் பாதியாக்கும் முறைதான் நம்பகமானது. மொபைலில் 1,000 ஹெர்ட்ஸ் டோன் ஜெனரேட்டரைப் போட்டு, மைக்கின் முன் 10 செ.மீ. தூரத்தில் அசையாமல் வைக்க வேண்டும். மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸின் கிதார் இன்புட்டில் சொருகினால் அந்த இன்புட் 1 மெகா ஓம் அளவில் இருக்கும், மைக்குக்கு அது பாரமே இல்லை. மென்பொருள் காட்டும் டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மைக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பாட் (திருப்பி ஓமை மாற்றும் ரெசிஸ்டர்) வையுங்கள்: ஹை என்று தோன்றினால் 100 கிலோ ஓம், லோ என்றால் 1 கிலோ ஓம். அளவு சரியாக 6 டெசிபல் இறங்கும் வரை திருப்பி, பாட்டைக் கழற்றி அளந்தால், அந்த ஓம்தான் மைக்கின் இம்பிடன்ஸ். மொபைலையோ மைக்கையோ நடுவில் ஒரு செ.மீ. நகர்த்தினாலும் அளவு கெட்டுவிடும். இரண்டையும் டேப் போட்டு ஒட்டிவிட்டுச் செய்ய வேண்டும்.

இதையே 250 ஹெர்ட்ஸிலும் 4,000 ஹெர்ட்ஸிலும் செய்து பார்த்தால் கிரிஸ்டல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டைனமிக்கில் மூன்று அளவுகளும் அக்கம்பக்கமாக இருக்கும். 2 நானோ ஃபாரட் கிரிஸ்டலில் 1,000 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 46 கிலோ ஓமில் பாதியாகும். 250 ஹெர்ட்ஸுக்கு 184 கிலோ ஓம், 4,000-க்கு 11.5 கிலோ ஓம். பெரிய ஓமுக்கு 470 கிலோ ஓம் பாட் தேவைப்படும். ஒற்றை அலைவரிசையில் மட்டும் அளந்தவர்கள் கிரிஸ்டலை ‘50 கே டைனமிக்’ என்று எண்ணிவிடுவது இதனால்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டாவது வேலையைத் தொடக் கூடாது.

முதல் பெட்டி: லோ மைக்கிலிருந்து வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு

ஆம்ப்ளிஃபயரில் கை வைக்கும் முன் ஒரு பாதுகாப்பு வேலை பாக்கி இருக்கிறது. பழைய மைக்செட்டுகளில் இரண்டு பின் பிளக்கும் எர்த் இல்லாத ஒயரும் சகஜம். மைக்கின் உலோக உடம்பு ஷீல்டு வழியாக ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸோடு (உலோக அடித்தட்டோடு) சேர்ந்திருக்கிறது. சேஸிஸில் கசிவு இருந்தால் மைக்கைப் பிடிப்பவர் கையில்தான் அடிக்கும், அதுவும் உதட்டருகே. நாம் போடப்போகும் டிரான்ஸ்ஃபார்மர் இதற்குப் பாதுகாப்பு அல்ல, ஷீல்டு இணைப்பு அப்படியேதான் இருக்கும். மூன்று கோர் ஒயர் போட்டு, சேஸிஸை எர்த் செய்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேஸிஸுக்கும் ஒரு ஓமுக்குக் கீழ் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே மற்றது. சேஸிஸைத் திறக்க நேர்ந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

நமக்கு வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான்: மியூ-மெட்டல் (காந்தப் புலத்தை மறைக்கும் உலோகம்) கூடு போட்ட 1-க்கு 10 மைக் இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, எக்ஸ்எல்ஆர் பெண் பேனல் சாக்கெட் ஒன்று, உலோக உடம்பு பி38 ஆண் ஜாக் ஒன்று, நல்ல ஒற்றைக் கோர் ஷீல்டு ஒயர் 30 செ.மீ., அலுமினிய டை-காஸ்ட் பெட்டி, 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. செய்ய நேரமில்லை என்றால் ரெடிமேடாக ஷூர் ஏ85எஃப், ஆடியோ-டெக்னிகா சிபி8201 போன்றவை ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் பி38 வைத்து உருளையாக வருகின்றன. பேச்சுக்கு அவை நன்றாகவே போதும். தவிலுக்கு நெருக்கமாக வைத்தால் அந்தக் குட்டிக் கோர் கீழ் ஸ்வரங்களில் நிரம்பிக் கரகரக்கும். அதற்குப் பெரிய கோர் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும்.

1-க்கு 15.8 டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாக 4 டெசிபல் தருமே, அதை ஏன் எடுக்கவில்லை? எஸ்எம்58-ஐ 150 ஓம் ரகம் என்று குறிப்பிட்டாலும் அதன் உண்மையான இம்பிடன்ஸ் 300 ஓம். 1-க்கு 10-இல் இம்பிடன்ஸ் 100 மடங்காகி, வால்வு பார்ப்பது 30 கிலோ ஓம். 1-க்கு 15.8-இல் 250 மடங்காகி 75 கிலோ ஓம். அந்தப் பக்கம் ஈசிசி83-இன் கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் இடையே 1.6 பைக்கோ ஃபாரட்தான் இருந்தாலும், 60 மடங்கு கெயினில் அது மில்லர் விளைவால் சுமார் 100 பைக்கோ ஃபாரடாக வீங்கி நிற்கிறது. வயரிங்கையும் சேர்த்து 120 என்று வையுங்கள். அதோடு 30 செ.மீ. ஒயரின் 30-ஐக் கூட்டினால் 150. மேலே சொன்ன சூத்திரப்படி 75 கிலோ ஓமுக்கு 14,100 ஹெர்ட்ஸ், 30 கிலோ ஓமுக்கு 35,300. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் சொந்த கெபாசிட்டன்ஸ் இதற்கு மேல் சேரும். 4 டெசிபலுக்காக ட்ரெபிளை விளிம்பில் நிறுத்துவது சரியான வியாபாரம் இல்லை. எஸ்எம்58 94 டெசிபல் ஒலியில் 1.85 மில்லி வோல்ட் தருகிறது. 10 மடங்கில் 18.5 மில்லி வோல்ட். வால்வு மைக் இன்புட்டுக்கு இது தாராளம்.

பெட்டியில் அடைக்கும் முன் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதித்துவிடுங்கள். பழைய சரக்கில் முனைகள் எது எது என்று தெரியாது. சில பத்து ஓம் காட்டுவது லோ பக்கம், ஒரு கிலோ ஓமுக்கு மேல் காட்டுவது ஹை பக்கம். மொபைலின் ஹெட்ஃபோன் அவுட்டிலிருந்து லோ பக்கத்துக்கு 50 மில்லி வோல்ட் டோன் கொடுத்தால் ஹை பக்கத்தில் 500 மில்லி வோல்ட் வர வேண்டும். டோனை 300 ஹெர்ட்ஸில் வையுங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்களின் ஏசி ரேஞ்ச் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் காட்டும். 1,000-இல் அளந்து, டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம்.

வயரிங்: எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் பின், 3-ஆம் பின் இரண்டும் லோ பக்கச் சுற்றின் இரு முனைகளுக்கு. நடு முனை இருந்தால் அதை இன்சுலேட் செய்து எதிலும் சேர்க்காமல் விடுங்கள். 1-ஆம் பின், டிரான்ஸ்ஃபார்மர் கூடு, பெட்டியின் உடம்பு, ஹை பக்கத்தின் கீழ் முனை, பி38-இன் ஸ்லீவ் (நுனிக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி) எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஹை பக்கத்தின் மேல் முனை பி38-இன் நுனிக்கு. பெட்டியில் ஜாக் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிரொமெட் போட்டு, உள்ளே ஒரு முடிச்சு அல்லது கிளாம்ப் வையுங்கள். இழுபட்டால் ஈயப் பற்றில் தாக்கம் வரக் கூடாது. எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் ஒயரை முதலில் ஈயம் தோய்த்து, பின்னையும் ஈயம் தோய்த்து, பிறகு இரண்டையும் சேர்த்து 2 விநாடியில் முடிக்க வேண்டும். அதிக நேரம் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும், பிறகு மைக் ஒயர் சொருகும்போது லூஸ் கான்டாக்டுக்கு அதுவே காரணமாகும்.

220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஹை பக்கத்துக்குக் குறுக்கே. முதலில் போடாமல் கேட்டுப் பாருங்கள். ச, ஸ ஒலிகள் சீறினால், சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மர் மேல் அலைவரிசையில் ஊசலாடுகிறது. அப்போது ரெசிஸ்டரைச் சேருங்கள். ஆம்ப்ளிஃபயரின் 1 மெகா ஓமோடு சேர்ந்து மைக்குக்கு அது 1.8 கிலோ ஓம் சுமையாகத் தெரியும், இழப்பு 1.3 டெசிபல்தான்.

பெட்டி எப்போதும் ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் இருக்க வேண்டும், மைக் பக்கம் அல்ல. இந்த ஒன்றை மாற்றிச் செய்துவிட்டு ‘டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் மழுங்குகிறது’ என்று சொல்பவர்கள் அதிகம். மைக்கிலிருந்து பெட்டி வரை லோ இம்பிடன்ஸ், இரட்டைக் கோர் ஷீல்டு ஒயர், எவ்வளவு நீளமும் இழுக்கலாம். பெட்டியிலிருந்து ஜாக் வரை ஹை இம்பிடன்ஸ், அது 30 செ.மீ. தாண்டக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 2-ஆம் பின்னை நுனிக்கும், 1, 3 இரண்டையும் ஸ்லீவுக்கும் கொடுத்து அடிக்கும் ஒயர் அவசரத்துக்கு உதவும். 5 மீட்டருக்குள், கெயின் மீதி இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் தப்பில்லை. ஆனால் இரண்டு கோரிலும் சமமாக ஏறும் ஹம்மை (மின்சாரத்தின் ‘ம்ம்’ இரைச்சலை) அழிக்கும் வசதி அதில் இல்லை.

ஹம் வந்தால்

மைக் டிரான்ஸ்ஃபார்மர் ஒலியை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்ளும். அலுமினியப் பெட்டி மின்புலத்தை மறைக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை மறைக்காது. அதற்குத்தான் மியூ-மெட்டல் கூடு. வால்யூமைப் பாதி வைத்து, பெட்டியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் ஹம் உச்சத்துக்குப் போகும், அதற்குச் செங்குத்தாகத் திருப்பினால் சட்டென்று அடங்கும். அந்த நிலையில் பெட்டியை ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில், பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓரத்தில், கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். இந்தப் பெட்டியைச் சேஸிஸுக்குள் வைத்து அழகாக முடிக்கலாம் என்று ஆசை வரும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் அது ஹம்மை வீட்டுக்குள் அழைப்பதாகிவிடும்.

பெட்டியைத் திருப்பியும் மாறாத ஹம் வேறு ரகம். தடித்த 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்’ என்றால் எர்த் லூப் அல்லது ஷீல்டு அறுந்திருக்கிறது. மைக் ஒயரைக் கழற்றியதும் நின்றால் தவறு ஒயரில். கரடுமுரடான 100 ஹெர்ட்ஸ் என்றால் அது ஆம்ப்ளிஃபயரின் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனது, மைக்கோடு சம்பந்தமில்லை. ஜாக்கைக் கையால் தொட்டால் ஹம் குறைகிறது என்றால் ஸ்லீவ் இணைப்பில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை.

இரண்டு மைக் பயன்படுத்தும் இடத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பேசினால் சத்தம் கூட வேண்டும். கூடாமல் மெலிந்தால் ஒரு பெட்டியில் 2, 3 பின்கள் மாறியிருக்கின்றன.

இரண்டாவது வேலை: பழைய மைக்கிலிருந்து மிக்ஸருக்கு

இங்கே டைனமிக்கையும் கிரிஸ்டலையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது.

ஹை இம்பிடன்ஸ் டைனமிக்குக்கு டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டாலே போதும். ஆனால் இந்த முறை 1-க்கு 15.8 தான் மேல். மிக்ஸரின் 1.5 கிலோ ஓம் அதன் வழியாக 375 கிலோ ஓமாகத் தெரியும், மைக்கின் 50 கிலோ ஓமுக்கு 7.5 மடங்கு. 1-க்கு 10 போட்டால் 150 கிலோ ஓம், வெறும் 3 மடங்குதான். பெட்டி இப்போது மைக் பக்கம் போக வேண்டும். மைக்கின் சொந்த ஒயரை 2 மீட்டருக்கு வெட்டினால் எல்லை 15,900 ஹெர்ட்ஸ். 3 மீட்டரில் 10,600. பெட்டிக்கு அப்பால் எக்ஸ்எல்ஆர் ஒயர் எவ்வளவும் போகலாம். மிக்ஸரில் ஃபான்டம் பவர் (மைக் ஒயர் வழியாகவே மிக்ஸர் அனுப்பும் சப்ளை) தவறுதலாக ஓடினாலும் 48 வோல்ட் இரு முனைகளிலும் சமமாக நிற்கும், கரன்ட் ஓடாது. நடு முனையை எர்த் செய்திருந்தால் மட்டும் ஆபத்து.

பெட்டி இல்லாமல், பி38-ஐ நேராக எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் பின்னுக்கும், 1-உம் 3-உம் சேர்த்த ஸ்லீவுக்கும் அடித்த ஒயரில் நிலைமை வேறு. ஃபான்டம் ஓடினால் 6.8 கிலோ ஓம் வழியாக 7 மில்லி ஆம்பியர் மைக்கின் சுற்றுக்குள் நேராகப் பாயும். லோ டைனமிக்கில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால் காயில் ஒரு பக்கம் தள்ளப்பட்டுச் சத்தம் சிதையும். ரிப்பன் அறுந்தே போகும். இந்த ஒயர் சேனலுக்கு ஃபான்டம் ஆஃப் என்று மிக்ஸரில் டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

கிரிஸ்டல் மைக்கின் கதை இதற்கு நேர் எதிர். அதன் இம்பிடன்ஸ் ரெசிஸ்டர் மாதிரி இல்லை, அது ஒரு கெபாசிட்டர். நீண்ட ஒயர் போட்டால் ட்ரெபிள் போகாது. மொத்தச் சத்தமும் சமமாகக் குறையும். 2 நானோ ஃபாரட் கிரிஸ்டலுக்கு 20 மீட்டர் ஒயர் போட்டால் சரியாகப் பாதி. இன்புட் இம்பிடன்ஸ் போதாவிட்டால் பேஸ் போகும். 1.5 கிலோ ஓம் மிக்ஸரில் நேராகச் சொருகினால் 1,000 ஹெர்ட்ஸில் 34 டெசிபலும், 200 ஹெர்ட்ஸில் 48 டெசிபலும் இழப்பு. கேட்பது தகரச் சத்தம். டிரான்ஸ்ஃபார்மரும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வைத்து வரும் பாசிவ் டிஐ பெட்டியும் இதற்கு உதவாது. 1-க்கு 12 டிஐ பெட்டி 216 கிலோ ஓம் காட்டும், அதில் 370 ஹெர்ட்ஸுக்குக் கீழ் சரியத் தொடங்கிவிடும். ஆண் குரலின் கனம் முழுவதும் அதற்குக் கீழேதான். 1 மெகா ஓமில் எல்லை 80 ஹெர்ட்ஸ், பேச்சுக்குச் சமாளிக்கலாம். 10 மெகா ஓமில் 8 ஹெர்ட்ஸ், கவலையே இல்லை.

ஆகவே ஒரு பஃபர், அதாவது வோல்டேஜை மாற்றாமல் இம்பிடன்ஸை மட்டும் இறக்கித் தரும் சர்க்யூட். எல்லாக் கடையிலும் கிடைக்கும் டிஎல்071 ஆப்-ஆம்ப் ஐசி போதும். 7-ஆம் கால் 9 வோல்ட் பாசிட்டிவ், 4-ஆம் கால் நெகட்டிவ், 2-உம் 6-உம் சேர்த்து ஒரு ஒயர். 9 வோல்ட்டைப் பாதியாக்க இரண்டு 100 கிலோ ஓம், அந்த நடுப்புள்ளியிலிருந்து நெகட்டிவுக்கு 47 மைக்ரோ ஃபாரட். நடுப்புள்ளியிலிருந்து 3-ஆம் காலுக்கு 10 மெகா ஓம். மைக் ஜாக்கின் நுனியிலிருந்து 10 நானோ ஃபாரட் பாலியஸ்டர் கெபாசிட்டர் வழியாக அதே 3-ஆம் காலுக்கு. பேட்டரிக்குக் குறுக்கே 100 நானோ ஃபாரட். அவுட்புட் 6-ஆம் காலிலிருந்து 150 ஓம், 10 மைக்ரோ ஃபாரட் வழியாக எக்ஸ்எல்ஆரின் 2-ஆம் பின்னுக்கு. 3-ஆம் பின்னுக்கும் அதே போல் 150 ஓமும் 10 மைக்ரோ ஃபாரடும், ஆனால் மறுமுனை நெகட்டிவுக்கு. இப்படிச் செய்தால் இரண்டு பின்னுக்கும் ஒரே இம்பிடன்ஸ் தெரியும். ஒயரில் ஏறும் ஹம்மை மிக்ஸர் தானே கழித்துவிடும். பெட்டியும் 1-ஆம் பின்னும் நெகட்டிவோடு.

அந்த 10 மைக்ரோ ஃபாரட் இரண்டும் 63 வோல்ட் நான்-போலார் ஆக இருக்க வேண்டும். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போட்டால் எந்தத் திசையும் சரிவராது. ஃபான்டம் ஓடும்போது மிக்ஸர் பக்கம் பாசிட்டிவ். ஓடாதபோது ஆப்-ஆம்பின் 4.5 வோல்ட் பக்கம் பாசிட்டிவ்.

10 மெகா ஓம் சர்க்யூட்டில் அழுக்கே ஒரு ரெசிஸ்டர். ஈயத்தின் ஃப்ளக்ஸ் பிசின் பலகையில் மிஞ்சினால், மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து 3-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவே கசியத் தொடங்கும். கறகறவென்று சத்தம், பிறகு மெல்ல ஒலி கிழிபடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் காயவிடுங்கள். இன்னும் நல்லது, ஐசியின் 3-ஆம் காலைச் சாக்கெட்டில் போடாமல் வெளியே வளைத்து, 10 மெகா ஓமையும் 10 நானோ ஃபாரடையும் காற்றிலேயே அதில் பற்ற வைப்பது. 4-ஆம் கால் பக்கத்திலேயே இருப்பதால் பலகையின் மேல் நடக்கும் கசிவு அத்தோடு ஒழிந்துவிடும்.

மைக்கிலிருந்து இந்தப் பெட்டி வரை ஒயர் ஒரு மீட்டருக்குள் இருந்தால் சத்த இழப்பு அரை டெசிபலைத் தாண்டாது. அந்த ஒரு மீட்டரையும் தரையில் இழுபடவோ ஆடவோ விடாதீர்கள். ஹை இம்பிடன்ஸில் ஷீல்டு ஒயர் அசைந்தாலே சரசரக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கிரிஸ்டல் பேசவில்லை என்றால் இன்சர்ட்டை (மைக்குக்குள் படிகம் இருக்கும் உறுப்பை) கழற்றி அளக்க வேண்டும். பழையவற்றில் இருப்பது ரோஷல் உப்புப் படிகம். 1933-இல் வந்து அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம் புகழ்பெற்ற அஸ்டாடிக் டி-104-இலும் இதுதான். ஈரம் ஏறினால் கரையும், 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்குலையும். நம் கடலோர ஊர்களின் காற்றும் மே மாத வெயிலில் நிற்கும் வேனும் இதற்கு எமன். கெபாசிட்டன்ஸ் 1 நானோ ஃபாரடுக்கு மேல் இருந்து ஓம் ரேஞ்சில் ஓப்பன் காட்டினால் படிகம் நலம், தவறு ஒயரில்தான். சில பத்து பைக்கோ ஃபாரட் மட்டும் காட்டினால் படிகத்தின் தகடு ஒயரிலிருந்து விட்டுவிட்டது. சில நூறு கிலோ ஓம் கசிவு காட்டினால் ஈரம் ஏறிவிட்டது. ஹேர் டிரையர் காட்டிக் காயவைக்க வேண்டாம், மிஞ்சியிருப்பதும் போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். தேறாவிட்டால் அதே அளவு செராமிக் இன்சர்ட் தேடிப் போடலாம். சத்தம் சற்றுக் குறையும், ஆனால் வெயிலும் ஈரமும் அதை அசைக்காது. அதுவும் கெபாசிட்டர் வகைதான் என்பதால் பஃபர் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.